வேலை கேட்டோமா, வேலைக் கேட்டோமா?

ஊர்வலம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலே பதாகை. பதாகையிலே கொட்டை எழுத்தில் ஒரு கோரிக்கை. "வேலை கொடு!" என்று எழுதியிருந்தால், உழைக்கத் தோள் இருக்கிறது, உழைப்பதற்கு இடம் கொடு என்று பொருள். அதே கோரிக்கையில் ஒரே ஒரு 'க்' சேர்த்து "வேலைக் கொடு!" என்று எழுதிவிட்டால்? முருகன் கையிலே இருக்கிறதே வேல், அதை எடுத்துக் கொடு என்று பொருள்! பசித்தவன் வேலை கேட்டான். எழுதியவன் வேலைக் கேட்டுவிட்டான்.

போனால் போகிறது, ஒரு புள்ளி எழுத்துதானே, படிக்கிறவன் புரிந்துகொள்ள மாட்டானா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நல்லெண்ணத்தோடு படிக்கிறவன் புரிந்துகொள்வான். நல்லெண்ணம் இல்லாதவன்? சிரிப்பான். கோரிக்கையைப் பார்க்க மாட்டான். கொம்பையும் சுழியையும் பார்ப்பான். "எழுதவே தெரியவில்லை, இவர்களுக்கா உரிமை?" என்பான். நியாயம் நம் பக்கம் இருக்கும். நகைப்பு அவன் பக்கம் சேர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? எண்ணிக்கொள்ளுங்கள்.

கூலி என்பது உழைப்பின் விலை. 'கூளி' என்று எழுதினால் பேய். கூளி உயர்வு கேட்டுப் போராடினால், ஊரிலே பேய்களின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறோம் என்று ஆகும்! உழவர் என்றால் ஏர் பிடிப்பவர். 'உளவர்' என்றால் ஒற்றர். உளவர் சங்கம் என்று பலகை மாட்டினால் யார் வந்து உறுப்பினராகச் சேர்வது? கொள்கை என்பது நெஞ்சிலே கொண்டது. 'கொல்கை' என்றால் கொல்லும் செயல். கொல்கை வீரரே வருக என்று வளைவு கட்டினால், வருகிற தலைவர் மேடைக்கு வருவாரா, வந்த வழியே திரும்புவாரா? வெள்ள நிவாரணம் என்பது மூழ்கிய பயிருக்கு அரசு தரும் உதவி. 'வெல்ல நிவாரணம்' என்று மனு எழுதினால், ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுத்து அனுப்பிவிடலாம்! வேட்டியிலே கட்சிக் கரை இருந்தால் பெருமை. அதையே 'கட்சிக் கறை' என்று எழுதிவிட்டால் எந்தச் சவுக்காரம் போட்டு வெளுப்பது?

பொதுவுடைமை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உடைய பொருள் உடைமை. 'டை'யை 'ட' ஆக்கிப் 'பொதுவுடமை' என்று எழுதுகிறோம். எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டிய சொல்லிலேயே ஒரு பங்கை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்!

சிரிப்போடு போனால் பரவாயில்லை. சில பிழைகள் சோற்றிலே கை வைக்கும்.

பட்டாவிலே வள்ளியம்மாள், குடும்ப அட்டையிலே வல்லியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அம்மாள்தான், ஒரே குடிசையில்தான் இருக்கிறார். ஆனால் அலுவலக மேசையின் கண்ணுக்கு அவர் இரண்டு பேர்! கணவன் இறந்த பின்பு பட்டாவை மாற்றப் போனாலும், உதவித்தொகை கேட்டுப் போனாலும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சிட்டாவும் அடங்கலும் எடுத்துக்கொண்டு போனாலும், "முதலில் பெயரைத் திருத்திக்கொண்டு வாருங்கள்" என்ற விடைதான் வரும். ஒரு நாள் கூலி போகும். மறுநாள் பேருந்துச் செலவு. அதிகாரி விடுப்பு என்றால் இன்னொரு நாள். களத்திலே நெல் கிடக்கும், வானம் கறுக்கும். எழுதியவருக்கு அது ஒரு சுழி. அந்த அம்மாளுக்கு அது ஒரு மாத அலைச்சல். பணம் படைத்தவன் பெயரிலே பிழை வந்தால் வழக்கறிஞர் திருத்துவார்; பாட்டாளியின் பெயரிலே பிழை வந்தால் பாட்டாளியின் கால்தான் திருத்த வேண்டும்.

1952-ஆம் ஆண்டு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாய்ச்சொல்லை நம்பி உழுத கைகளுக்கு, எழுத்திலே உள்ள உரிமை என்று ஒன்று உண்டு என்பதைக் காட்டிய சட்டம் அது. உரிமை எழுத்திலே இருக்கிறது என்றால், எழுத்து பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பதிலே யாருக்கு அக்கறை அதிகம் இருக்க வேண்டும்? நமக்கா, நம்மை அடக்கியவர்களுக்கா?

"உண்மைதான். ஆனால் நன்னூலை உருப்போட நமக்கு நேரம் ஏது? இலக்கணம் புலவர் வீட்டுச் சரக்கு அல்லவா?" என்று கேட்பீர்கள். இல்லை, தோழர்களே! இலக்கணம் உங்கள் வீட்டுச் சரக்கு. நம்பவில்லை என்றால் திருப்பனந்தாளுக்கு வாருங்கள்.

கும்பகோணத்திலிருந்து அணைக்கரைக்குப் போகும் சாலையிலே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நெல் வயல்களுக்கு நடுவே இருக்கிறது அந்த ஊர். காசித் திருமடம் அங்கே இருக்கிறது. அந்த மடத்தின் ஆதரவிலே வளர்ந்த தமிழ்க் கல்லூரி அங்கே இருக்கிறது. ஆனால் நாம் கல்லூரிக்குள் போக வேண்டியதில்லை. பேருந்து நிற்கும் இடத்திலே ஊர்ப் பெயர்ப் பலகை இருக்கும். அதை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

திருப்பனந்தாள். பனை என்ற சொல்லும் தாள் என்ற சொல்லும் சேர்ந்தன; பனந்தாள் ஆயிற்று. பனையிலே இருந்த 'ஐ' எங்கே போயிற்று? நடுவிலே 'ந்' எப்படி வந்தது? வல்லின எழுத்திலே தொடங்கும் சொல் பனையோடு சேர்ந்தால் 'ஐ' போய் 'அம்' வரும் என்று 13-ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் நன்னூலில் விதி எழுதினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொல்காப்பியரும் பனைக்கு இலக்கணம் சொன்னார்.

சரி, பனை ஏறுகிற தோழர் நன்னூல் படித்தாரா? தொல்காப்பியம் தொட்டாரா? பனங்காய் என்கிறார். பனஞ்சாறு என்கிறார். பனந்தோப்பு என்கிறார். பனம்பழம் என்கிறார். 'க'வுக்கு முன் 'ங்', 'ச'வுக்கு முன் 'ஞ்', 'த'வுக்கு முன் 'ந்', 'ப'வுக்கு முன் 'ம்'. நான்கு இடம், நான்கு ஒலி. ஒரு முறைகூட அவர் நாக்குத் தடுமாறியதில்லை. 'பனம்காய்' என்று சொன்ன மரமேறியைக் கண்டவர் உண்டா? புலவர் விதி செய்து கொடுத்து மரமேறி பேசவில்லை. மரமேறி பேசியதைக் கேட்டுத்தான் புலவர் விதி எழுதினார். இலக்கணம் உழைப்பவன் வாயிலே விளைந்தது, ஏட்டிலே சேர்ந்தது. விளைத்தவனே அதைக் கண்டு அஞ்சலாமா?

இந்தப் பனங்காய்ப் பாடத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போகலாம். ண, ன, ந என்ற மூன்றிலும் எது எங்கே வரும் என்று தடுமாறுகிறோம் அல்லவா? மூன்று சுழி, இரண்டு சுழி என்று சுழியை எண்ணிக்கொண்டிருக்கிறோம். இவற்றின் பழைய பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். பெயரிலேயே பாடம் இருக்கிறது. 'ட'வுக்கு முன் 'ண்', 'ற'வுக்கு முன் 'ன்', 'த'வுக்கு முன் 'ந்'. மண்டபம், மன்றம், மந்தை. கொண்டான், வென்றான், வந்தான். பனந்தாளுக்கு 'ந்' வந்ததும் இதனால்தான்.

ர, ற இரண்டில் குழப்பமா? இரட்டித்து நிற்பது எப்போதும் 'ற'தான். நாற்று, சேற்று, காற்று, ஊற்று. ண, ன, ழ, ள, ற ஆகியவை தமிழ்ச் சொல்லின் தொடக்கத்திலே வருவதில்லை. இத்தனையும் ஒரு பீடி பற்றவைத்து முடிக்கும் நேரத்திலே நினைவில் வைக்கக்கூடியவை.

ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உழுது பிழைத்தான், விதைத்துப் பிழைத்தான். முன்னதிலே 'ப்' வராது. பின்னதிலே வராமல் இருக்காது. வயலைக் காத்தான், வயலுக்குப் போனான். 'ஐ' வந்தாலும் 'கு' வந்தாலும் அடுத்த வல்லினம் அழுத்திக்கொண்டு வருகிறது. வேலைக் கொடு என்றபோது வேல் வந்து நின்றதே, அது இந்த 'ஐ' செய்த வேலை. வேல் என்பதோடு 'ஐ' சேர்ந்ததால் 'க்' வந்தது. உழைப்பைக் குறிக்கும் வேலையிலே அந்த 'ஐ' சொல்லோடு பிறந்தது. ஆகவே 'வேலை கொடு' என்பதிலே 'க்' வேண்டாம்.

திருமண அழைப்பிதழ் அடிக்கிறோம். 'திருவளர்ச்செல்வன்' என்று 'ச்' போட்டு அழகு பார்க்கிறோம். வேண்டாம்! ஊறுகின்ற காய் ஊறுகாய். அதை யாராவது ஊறுக்காய் என்பார்களா? சுடுகின்ற சோறு சுடுசோறு; சுடுச்சோறு என்றால் பிள்ளைகூடச் சிரிக்கும். அதுபோலத் திரு வளர்கின்ற செல்வன், திருவளர்செல்வன். வினைத்தொகை என்று இதற்குப் புலவர்கள் பெயர் வைத்தார்கள். பெயர் மறந்தால் மறக்கட்டும், ஊறுகாயை மறக்காதீர்கள்.

சுவருக்கு வருவோம். சுவர் இல்லாமல் கட்சி வேலை ஏது? "இந்தச் சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்" என்று எழுதுகிறார்கள். நாமும் "சுவற்றில் எழுதினோம்" என்கிறோம். கிணறு, கிணற்றில், வயிறு, வயிற்றில், ஆறு, ஆற்றில். இவை 'று' என்று முடிவதால் 'ற்று' ஆகின்றன. சுவர் அப்படியா முடிகிறது? ஏர், ஏரில், வேர், வேரில், ஊர், ஊரில். அதுபோலச் சுவர், சுவரில். "எங்கள் ஊற்றில் கிளை தொடங்கினோம்" என்று எழுதிப் பாருங்கள். கிளை தண்ணீருக்குள் போய்விடும்!

'முயற்சித்தார்' என்று எழுதுகிறோம். பயிற்சி செய்தவரைப் 'பயிற்சித்தார்' என்பதுண்டா? பயின்றார் என்கிறோம். அப்படியே முயன்றார். 'முன்னாள் அமைச்சர்' சரி. ஆனால் 'இன்னாள் அமைச்சர்' தவறு. இந்த நாள் என்பது இந்நாள். இன்னாள் என்றால் இன்ன பெண் என்று பொருள். 'பதட்டம்' அல்ல, பதற்றம், பதறுவதிலிருந்து வந்தது. 'சில்லரை' அல்ல, சில்லறை. 'எண்ணை' அல்ல, எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்த நெய். 'நாட்கள்' என்று பரவலாக எழுதுகிறார்கள். நாள்கள் என்று எழுதுவதே தெளிவு. ஏனென்றால் நாட்கள் என்பதற்கு நாள்பட்ட கள் என்றும் பொருள் கொள்ளலாம். பத்து நாள்கள் உண்ணாவிரதம் என்பது போராட்டம். பத்து நாட்கள் என்பதைப் பனந்தோப்புப் பக்கம் வேறு மாதிரி புரிந்துகொள்ளக்கூடும்!

நாக்கு துணைக்கு வராத இடமும் உண்டு. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவே ஒலிக்கப் பழகிவிட்டவர்கள் பலர். அங்கே அகராதிதான் துணை. அ. கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' போன்ற நூல் ஒன்றும், நல்ல அகராதி ஒன்றும் இல்லாத படிப்பகம், கலப்பை இல்லாத பண்ணை.

இந்த இடத்திலே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: "பெரியார் எழுத்தையே மாற்றினாரே! பழைய புத்தகத்தில் 'லை' ஒரு மாதிரி இருந்தது, இன்று வேறு மாதிரி இருக்கிறது. மாற்றியது சரி என்றால், நாங்கள் மாற்றி எழுதினால் மட்டும் பிழையா?"

நல்ல கேள்வி. விடை சொல்ல வேண்டிய கேள்வி. பனையோலையிலே எழுத்தாணியால் எழுதிய காலத்திலே புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று படிப்பவன்தான் ஊகிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டிலே, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த இத்தாலிய நாட்டுப் பாதிரியார் வீரமாமுனிவர், குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவத்திலே வேறுபாடு காட்டினார். 1935-இல் பெரியார் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தினார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் எளிதாயிற்று. 1978-இல் தமிழ்நாட்டு அரசு அதை ஏற்று ஆணையிட்டது. இன்று பள்ளிப் பிள்ளை எழுதுவது அந்த எழுத்தைத்தான்.

சீர்திருத்தம் என்பது காரணம் சொல்லி, எல்லாருக்கும் அறிவித்து, ஒரே சீராகச் செய்வது. பிழை என்பது காரணம் இல்லாமல், கவனம் இல்லாமல், ஒரு வரியில் ஒரு மாதிரியும் மறு வரியில் வேறு மாதிரியும் செய்வது. சீர்திருத்தம் படிப்பவன் சுமையைக் குறைக்கும். பிழை படிப்பவன் தலையிலே சுமையை ஏற்றும். வாய்க்காலை வெட்டி நேராக்குவதும், வரப்பைக் கவனிக்காமல் உடையவிடுவதும் ஒன்றா?

இனி, கோபப்பட வேண்டியது யார்மீது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிழையோடு எழுதுகிற உழைப்பாளியைக் கண்டு எவனாவது சிரித்தால், அவனைக் கண்டு நாம் சிரிக்க வேண்டும். கட்டைவிரலை மையிலே தோய்த்துத் தோய்த்து ரேகை தேய்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே, அப்போது சென்னை மாநிலம் என்று பெயர் கொண்டிருந்த இந்த மண்ணில், எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேர். 2011-இல் நூற்றுக்கு 80 பேர். குடும்பத்திலே முதன்முதலாக எழுதுகோல் பிடித்தவர் எழுதும் பிழை, நடை பழகும் குழந்தையின் தடுமாற்றம். அதைக் கைபிடித்துத் திருத்த வேண்டும். கைகொட்டிச் சிரிக்கக் கூடாது.

ஆனால் பட்டம் பெற்றவர் செய்யும் பிழை வேறு. ஆங்கிலத்திலே ஓர் எழுத்து இடம் மாறினால் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். தமிழிலே நான்கு எழுத்து நாசமானாலும் "தமிழ்தானே, புரிந்தால் போதாதா?" என்கிறார். பிறன் வீட்டுக்குப் போகும்போது பட்டு வேட்டி. பெற்ற தாயைப் பார்க்கப் போகும்போது கந்தலா? 2020 ஜூன் மாதம், தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் முறையைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. எதிர்ப்பு எழுந்தது, எங்கும் விவாதம் நடந்தது, சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதற்கு அத்தனை விவாதம்! அதே ஊரின் பெயரைத் தமிழிலே தவறாக எழுதிய பலகை கண்ணெதிரே நிற்கிறது. அதற்கு ஒரு மனு எழுதியவர் எத்தனை பேர்? தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-ஆம் ஆண்டுச் சட்டம். ஆளுகின்ற மொழி அலுவலகப் பலகையிலே அடிபட்டுக் கிடக்கலாமா?

1939-ஆம் ஆண்டு, இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் உயிர் துறந்தார்கள். தாளமுத்து யார்? கும்பகோணத்துக்காரர். திருப்பனந்தாளிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவு. சென்னை எழும்பூரிலே இருவர் பெயரையும் தாங்கி மாளிகை நிற்கிறது. அந்தத் தாளமுத்துவின் பெயரையே நினைவுநாள் சுவரொட்டியில் 'தாலமுத்து' என்று எழுதி ஒட்டினால், அது வீரவணக்கமா? மொழிக்காக உயிர் கொடுத்தவர்கள் இருந்தார்கள். நம்மிடம் யாரும் உயிர் கேட்கவில்லை, தோழர்களே! ஒரு முறை திருப்பிப் படித்துப் பார்க்கும் நேரத்தைத்தான் கேட்கிறோம்.

ஆகவே ஒவ்வொரு கிளையிலும் இதைச் செய்யுங்கள். துண்டறிக்கையோ, சுவரொட்டியோ, பதாகையோ அச்சுக்குப் போகும்முன் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். இன்னொருவர் எழுத்தைப் பார்க்கட்டும். அச்சகத்திலே புரூப் பார்க்காமல் 'அடித்துவிடுங்கள்' என்று சொல்லாதீர்கள். கைப்பேசியிலே செய்தி அனுப்புவதற்கு முன் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள். ஊரிலே முதியவர் ஒருவர் மனுவோ பட்டாவோ கொண்டுவந்தால், பெயரும் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் எல்லாத் தாளிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுங்கள். மாலையிலே படிப்பகத்துக்கு வரும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு சொல் சொல்லிக் கொடுங்கள். இதற்கு நிதி வேண்டாம். மாநாடு வேண்டாம். மனம் வேண்டும்.

திருப்பனந்தாளைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. அங்கே சாய்ந்துபோன இலிங்கத்தை நிமிர்த்தச் சோழ மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தானாம், நிமிரவில்லையாம். குங்கிலியக் கலயர் என்னும் தனி மனிதர் தம் கழுத்திலே கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுக்க, நிமிர்ந்துவிட்டதாம். பெரியபுராணம் சொல்லும் கதை அது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் அறிவுக்கு. சாய்ந்து கிடப்பது நம் எழுத்து. அதை நிமிர்த்த யானை வராது, அரசாணையும் தானாக வராது. கயிறு நம் கையில் இருக்கிறது.

வேலை கேட்போம். வேலை என்றே எழுதிக் கேட்போம்.